கயிறு அறுந்ததைக் கஸ்தூரிதான் முதலில் சொன்னாள்

ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருத்தியிடம், புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால், அவள் குணப்படுத்திய கால்களையெல்லாம் வரிசையாக எடுத்து வைப்பாள். எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். குணமான கால்கள் எல்லாம் ஒன்று போலவே இருக்கின்றன. அவற்றுக்கு உரிய முகங்கள்கூடப் பாதி மறந்துவிட்டன. நான் கெடுக்கப் பார்த்த கால் ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதையே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இனிமேல் பதவி உயர்வா வரப்போகிறது?

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்துச் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தேன். இரண்டு கட்டில், பிடித்து நடை பழக ஒரு இணைகம்பி, கரண்ட் வைக்கிற பெட்டி ஒன்று. அந்தப் பெட்டிக்குப் பெரிய பெயர்கள் உண்டு. வருகிறவர்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. "இன்னிக்குக் கரண்ட் வெப்பீங்களா?" என்றுதான் கேட்பார்கள். வைக்காவிட்டால் வைத்தியமே நடக்கவில்லை என்று முகம் வாடிப்போகும்.

கஸ்தூரி வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் தி. நகர் பட்டுப்புடவைக் கடையிலிருந்து ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். வலது பாதம் தொங்கிப்போயிருந்தது. நடக்கும்போது முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைச் சளப்பென்று தரையில் அடித்தார். முதுகில் நரம்பு அழுந்துகிறது என்று யாரோ சொல்லி, இடுப்பில் பெல்ட் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

"நான் ஓடுதேனா, ஆடுதேனா? பத்து மணி நேரமும் உக்காந்தேதான இருக்கேன். இந்தக் காலுக்கு நான் என்னம்மா வேலை கொடுத்தேன்?" என்று அங்கலாய்த்தார்.

"கடையில எப்படி உட்காருவீங்களோ, அப்படியே இங்க தரையில உட்காருங்க" என்றேன்.

கடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணம் போட்டு, முன்னால் குவிந்த புடவைகளை எட்டி எட்டி எடுத்து விரிக்கிற வேலை. அதே மாதிரி உட்கார்ந்து காட்டினார். வலது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் எலும்பை ஒட்டிச் சுற்றி வரும் நரம்பு, மேலே ஏறிய இடது காலுக்கும் அடியில் மெத்தைக்கும் நடுவில் நசுங்கும் என்று தெரிந்தது. பாதத்தை மேலே தூக்கச் சொல்லும் நரம்பு அது. உட்காரும் விதத்தை மாற்றினேன், பெல்ட்டைக் கழற்றினேன். மூன்று மாதத்தில் பாதம் மேலே எழும்பிவிட்டது. அவர் கிளினிக் வாசலில் நின்று குதிகாலால் நடந்து காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். "உட்கார்ற விதத்தைப் பார்த்தே வியாதியைச் சொல்லிடுவேன்" என்று ஒரு கூட்டத்தில் பீற்றிக்கொண்டதும் உண்டு. அந்தப் பீற்றலுக்குப் பலியானவள்தான் கஸ்தூரி.

அவள் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். நாற்பது வயது, ஒல்லி, இரும்பு மாதிரித் தேகம். வாடிக்கையாக மீன் வாங்குகிற ஒரு வீட்டுக்காரர்கள் என்னிடம் அனுப்பியிருந்தார்கள். இடது பாதம் தொங்கிக்கொண்டிருந்தது. அதே உயர்ந்த முழங்கால், அதே சளப்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரம் ஆவுது டாக்டரம்மா. காத்தால மணல்ல ஓடிகினு இருந்தேன். திடீர்னு பாதம் தொங்கிப்பூட்ச்சு. கட்ட வெரலு மண்ணுல கோடு போட்டுகினே வருது."

"கடையில எப்படி உட்காருவீங்க?"

"அருவாமனைமேல ஒரு காலு வெச்சி குந்திகினு கீறேன். காத்தால குந்தினா மத்தியானம் வரைக்கும்."

எனக்கு உள்ளுக்குள் மணியடித்தது. மணிக்கணக்காகக் குந்தி உட்கார்ந்தாலும் அதே நரம்புதான் அழுந்தும். புடவைக்கடைக்காரரின் தங்கச்சி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் நான் எதுவுமே கேட்கவில்லை. பிள்ளைகளே, கேள்வி கேட்பதை எங்கே நிறுத்துகிறோம் என்பதைக் கவனியுங்கள். பதில் நமக்குப் பிடித்ததாக இருக்கும் இடத்தில்தான் நிறுத்துகிறோம்.

இந்தக் காலால் அவளுக்கு என்ன நஷ்டம் என்பதை அவளே விவரமாகச் சொன்னாள். படகு கரைக்கு வரும்போது யார் முதலில் ஓடிப் போய்ப் படகில் கை வைக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் நல்ல மீன். பின்னால் போகிறவர்களுக்கு மிச்சம். கஸ்தூரி அந்தக் கரையில் எல்லோரையும் முந்துகிறவள். அவளிடம் மீன் வாங்குகிற வீடுகள் அதனால்தான் அவளிடம் வாங்கின. இப்போது அவளுக்குப் பதிலாக அவளுடைய நாத்தனார் ஓடிக்கொண்டிருந்தாள்.

"அது ஓடுற அழகுக்குப் படகு திரும்பிக் கடலுக்கே பூடும்" என்றாள் கஸ்தூரி. சிரித்துவிட்டு உடனே முகம் மாறினாள். "புருசன் பூட்டாரு. ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க. எனக்கு நடந்தா பத்தாது டாக்டரம்மா. ஓடணும்."

"ஓடலாம். மூணு மாசம்" என்றேன். அவ்வளவு தைரியம்.

அவள் இடது கணுக்காலில் கறுப்புக் கயிறு ஒன்று கட்டியிருந்தாள். இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் தடிமனாக இருந்தது. தர்காவில் மந்திரித்துக் கட்டியது, கால் சரியாகும்வரை அவிழ்க்கக் கூடாது என்றாள். நான் அதைத் தொடவில்லை. பிறர் நம்பிக்கையில் கை வைக்கக் கூடாது என்பது என் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் கயிற்றைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்க்கட்டுமா என்று கேட்பதற்கு அது எங்கே தடை சொன்னது? நான் பார்க்க வேண்டியது முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது என்று நான் முடிவு செய்துவிட்டேன். கணுக்காலில் என்ன இருக்கப்போகிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இரண்டாவது நாளே மாடியிலிருந்து வீட்டுக்கார மாமி இறங்கி வந்தார்.

"ஏண்டிம்மா, யாரோ மீன்காரி வந்துண்டிருக்காளாமே? மாடி ஆத்து வரைக்கும் வாசனை வரது. பூஜை பண்ணிண்டிருக்கறச்சே கஷ்டமா இருக்கு."

நான் மாமியிடம் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கஸ்தூரியிடம், "இனிமே மத்தியானம் ஒரு மணிக்கு வாங்க, அப்போ கூட்டம் இருக்காது" என்றேன்.

"கூட்டம் இருந்தா இன்னா? நான் கூட்டத்துலதான பொழைக்கிறேன்" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சரி. புரியுது" என்றாள். அதற்குப் பிறகு குளித்து, வேறு புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டுதான் வருவாள். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஒரு மணி என்பது நான் சாப்பாட்டுக்குக் கிளம்புகிற நேரம். பசியோடும் குற்ற உணர்ச்சியோடும் அவசர அவசரமாகக் கரண்ட் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வைத்தால் முழங்காலுக்குக் கீழே முன்பக்கச் சதை ஜோராகத் துள்ளியது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தீங்களா, நரம்பு முழிச்சிக்கிட்டு வருது."

கஸ்தூரி எழுந்து உட்கார்ந்து, காலையே உற்றுப் பார்த்தாள். அது இரண்டாவது வாரம்.

"மேல சத துள்ளுது. கீழ பாதம் அசையலியே?"

"வரும், வரும். கொஞ்சம் பொறுமை வேணும்."

"அது இல்ல டாக்டரம்மா. வலைக் கயித்த இஸ்தா வல வரணும். கயிறு மட்டும் லேசா கைக்கு வந்துச்சுன்னா எங்கியோ அறுந்துகீதுன்னு அர்த்தம். இங்க எதுவோ அறுந்துகீது."

நான் சிரித்தேன். கேலியாக இல்லை, செல்லமாகத்தான். ஆனாலும் சிரித்தேன். "உங்க கால் என்ன வலையா?" என்று வேறு கேட்டேன். அவள் மறுபடி படுத்துக்கொண்டாள்.

பாதத்தைத் தூக்கிப் பிடிக்க ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னப் பட்டறையில் சொல்லி பிளாஸ்டிக் பட்டை செய்து கொடுத்தேன். செருப்புக்குள் வைத்துப் போட்டுக்கொள்வது. கிளினிக்கில் போட்டு நடக்க வைத்தபோது பிரமாதமாக இருந்தது. இரண்டே நாளில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். "மணல்ல எவ செருப்பு போட்டுகினு ஓடுவா? உள்ள மண்ணு ரொம்பி காலைக் கடிக்குது." கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். கிளினிக்கின் மொசைக் தரைக்குத்தான் நான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. தெருவுக்கே போய்விட்டது. மின்விசிறி நின்று, பெட்டி செத்து, வியர்வை வழிய இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். சும்மா இருக்க முடியாமல் அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். முன்பக்கச் சதையின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

"பாதத்தைத் தூக்குங்க, பார்க்கலாம்."

என் கைக்குக் கீழே சதை கல் மாதிரி இறுகியது. பெட்டி இல்லை, கரண்ட் இல்லை. அவளே இறுக்கினாள். பாதம் மட்டும் அப்படியே தொங்கியது.

நரம்பு தூங்கினால் சதை எப்படி இறுகும்? "பாதத்தை வெளிப்பக்கமா திருப்புங்க" என்றேன். திருப்பினாள். என் கையை எதிர்த்துப் பலமாகவே திருப்பினாள். அதுவும் அதே நரம்பின் வேலைதான். நரம்பு நன்றாக இருந்தது. ஐந்து வாரமாக நன்றாகத்தான் இருந்திருக்கிறது. முதல் நாளே இந்த இரண்டையும் பார்த்திருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

விரலைச் சதையிலிருந்து கீழே ஓட்டிக்கொண்டு வந்தேன். சதையைப் பாதத்தோடு கட்டி, கணுக்காலின் முன்னால் விறைத்து நிற்க வேண்டிய தசைநாண் அங்கே இல்லை. கறுப்புக் கயிறுதான் இருந்தது.

"கஸ்தூரி, இந்தக் கயித்தை அவிழ்க்க வேணாம். கொஞ்சம் மேல தள்ளிக்கலாமா?"

"தள்ளிக்க. அதுக்கு இன்னா?" என்று அவளே தள்ளினாள்.

அடியில் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு தழும்பு. ஆறிச் சுருங்கியிருந்தது.

"இது என்ன?"

"அதுவா? அருவாமனை சாஞ்சி வெட்டிச்சி. 'படகு வர்து'ன்னு கத்துனாளுங்க, அவசரமா எய்ந்தேன், பொடவ மாட்டி அது கால்மேல வுயுந்துட்ச்சு. துணியக் கட்டிகினு ஓடிட்டேன். அன்னிக்கு நான்தான் மொதல்ல." அவள் குரலில் இன்னும் அந்தப் பெருமை இருந்தது. "அப்பால மூணு தையல் போட்டாங்க. ஆறிடுச்சு. அதுக்குத்தான் கயிறு கட்டினது."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ கேக்கலியே. எங்களுக்குக் கைல கால்ல வெட்டு படாத நாளு ஏது? அது ஆறி, நல்லா ஓடிகினுதான் இருந்தேன். மூணு வாரம் கழிச்சிதான் பாதம் தொங்கிச்சு."

நடந்தது இப்போது விளங்கியது. அரிவாள் தசைநாணைப் பாதி வெட்டியிருக்கிறது. மேலே தோலைத் தைத்துவிட்டார்கள். மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு அவள் மூன்று வாரம் மணலில் ஓடியிருக்கிறாள். ஒரு காலையில் அதுவும் அறுந்துவிட்டது. அறுந்த நாணின் முனையைச் சதை மேலே இழுத்துக்கொண்டே போகும். நாள் ஆக ஆக இரண்டு முனைக்கும் இடைவெளி கூடும், சதை சுருங்கும். அப்புறம் இழுத்துத் தைக்க முடியாது. அந்த நாட்களில் ஐந்து வாரத்தை நான் கரண்ட் வைத்தே தின்றிருக்கிறேன்.

இந்தக் காலத்தில் ஸ்கேன் இருக்கிறதே மேடம் என்பீர்கள். எந்த இடத்தை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப்போவது யார்? என்னிடம் அன்று ஸ்கேன் இருந்திருந்தால் முழங்காலைத்தான் எடுத்திருப்பேன். படமும் தெளிவாக வந்திருக்கும்.

அடையாறில் ஒரு மருத்துவமனைக்கு வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்த அறுவை மருத்துவர் ஒருவரை எனக்குத் தெரியும். நரம்பு, நாண் தைப்பதில் கைதேர்ந்தவர். வாயும் கத்திதான். அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். "பாதம் தொங்கல். தசைநாண் அறுந்திருக்கலாம். தயவுசெய்து பார்க்கவும்." அவ்வளவுதான். என்னிடம் ஐந்து வாரம் இருந்தாள் என்பதை எழுதவில்லை. பொய் எழுதவில்லை, கவனியுங்கள். எழுதாமல் விட்டேன். அதுதான் நம்மைப் போன்ற படித்தவர்கள் செய்கிற வேலை.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனேன். மந்தைவெளி தாண்டும்வரை நான் பேசவில்லை.

"ஏன் உம்முனு வர்ற? ஆப்ரேசன்னா பெரிய பேஜாரா?" என்று அவள் கேட்டாள்.

கைப்பையில் கடிதம் இருந்தது. அவள் என்னை நம்பி உட்கார்ந்திருந்தாள். அந்த நம்பிக்கையின் மேல் உட்கார என்னால் முடியவில்லை.

"கஸ்தூரி, தப்பு என் மேல. உங்க நரம்புக்கு ஒண்ணும் இல்லை. நாண் அறுந்திருக்கு. முதல் நாளே பார்த்திருக்கணும். நான் சரியா பார்க்கலை. அஞ்சு வாரம் வீணாப் போச்சு. தைக்கிறது இப்போ கஷ்டம் ஆயிருக்கலாம்."

ஆட்டோவின் தார்ப்பாய் கிழிந்துவிடும் போல ஆரம்பித்தாள்.

"அஞ்சு வாரம்! நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா? எங்கியோ அறுந்துகீதுன்னு சொன்னேனா இல்லியா? நீ இன்னா பண்ண? பல்லக் காட்டிச் சிரிச்ச! குளிச்சிட்டு பூ வெச்சிகினு உன் வூட்டுக்கு மொட்ட வெயில்ல வந்தேனே, கரண்டு வாங்கிக்கவா வந்தேன்? நாத்தனாக்காரி அங்க அழுவுன மீன வாங்கிகினு குந்திகினு கீறா. வாடிக்கையெல்லாம் வேற ஆளுகிட்ட பூடுச்சு!"

ஆட்டோ ஓட்டுநர் கண்ணாடியில் எங்களையே பார்த்தார்.

"இன்னா பாக்கற நைனா? நீ ரோட்டப் பாத்து ஓட்டு!" என்று அவருக்கும் விழுந்தது.

அவள் சொன்னது எல்லாம் உண்மை. அடையாறு பாலத்தின் மேல் காற்று அடித்தது. அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பாலம் இறங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"செரி. இப்ப இன்னா? தைக்க முடியுமா முடியாதா?"

"முடியும்னு நினைக்கிறேன். நிச்சயமா சொல்ல மாட்டேன்."

"இத்த மொதல்லியே இப்டி சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள். அதில் கோபம் பாதிதான் இருந்தது.

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, கடிதத்தை வெளியே எடுத்து, பேனாவால் கீழே எழுதினேன்: "நரம்பு பாதிப்பு என்று தவறாக எண்ணி ஐந்து வாரம் மின்தூண்டல் கொடுத்தேன். கணுக்கால் தழும்பை நேற்றுத்தான் பார்த்தேன்." கையெழுத்தும் போட்டேன்.

மருத்துவர் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். கஸ்தூரியின் காலைத் தடவிப் பார்த்து, நாணின் முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பேனாவால் அவள் தோலில் ஒரு கோடு போட்டார்.

"நேரா இழுத்துத் தைக்க முடியாது. நடுவுல ஒட்டு போடணும். சதை இன்னும் உயிரோட இருக்கு, அது நல்ல விஷயம். எத்தனை நாள்னு நீங்க சரியா எழுதினதால, உள்ள போய்த் திண்டாடாம ஒட்டுக்குத் தயாராவே போகலாம்" என்றார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். வெளியே வரும்போது கதவருகில் குரலைத் தாழ்த்தி, "நானும் இந்த மாதிரி ஒண்ணு பண்ணியிருக்கேன். இன்னொரு நாள் சொல்றேன்" என்றார். கடைசிவரை அதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அதனால்தான் நான் எழுதுகிறேன்.

அறுவை முடிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்த பிறகு மறுபடி என்னிடம்தான் வந்தாள். வேறு யாரிடமாவது போகச் சொல்லலாமா என்று நினைத்திருந்தேன். "நீ கெடுத்தத நீயே சரி பண்ணு" என்று கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். வந்த நேரம் காலை பத்து மணி. இந்த முறை நான்தான் அந்த நேரத்தைச் சொல்லியிருந்தேன். மாமியிடமும் மாடிக்குப் போய்ப் பேசிவிட்டேன். மாமி இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் இறங்கி வந்து, "கால் எப்படி இருக்கு அவளுக்கு?" என்று என்னிடம் கேட்டார். "நான் இங்கதான் கீறேன் மாமி, என்னியே கேளு" என்றாள் கஸ்தூரி.

முதல் தடவை பாதம் தன்னால் மேலே எழும்பியபோது, ஒரு அங்குலம்கூட இருக்காது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றோம். அவள் கட்டிலைத் தட்டிச் சிரித்தாள். கயிறு இழுத்த இடத்துக்கு வலை வந்துவிட்டது.

இங்கேதான் என் இரண்டாவது தப்பு. முதல் தடவை திமிரில் செய்தேன். இந்த முறை பயத்தில். ஒட்டுப் போட்ட நாண் மறுபடி அறுந்துவிட்டால்? தரையில் நன்றாக நடந்தாள். படி ஏறினாள். குதிகாலில் நின்றாள். மருத்துவரும் மணலுக்கு விடலாம் என்று சொல்லிவிட்டார். நான் விடவில்லை. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். நான்கு வாரம் இப்படிப் போயிற்று.

"நீ என் காலைப் பாத்து சொல்றியா, உன் பயத்தப் பாத்து சொல்றியா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

நான் அவள் பாதத்தை மறுபடி சோதிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"மொதல்ல அஞ்சு வாரம் தின்ன. இப்ப நாலு வாரம். காலு என்னுது டாக்டரம்மா. பயம் உன்னுது. ரெண்டையும் கலக்காத."

பாடப்புத்தகத்தில் இப்படி ஒரு வரி உண்டா? நீங்கள் படிக்கும் புத்தகத்தில் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். "சரி, நாளைக்குக் காலையில கரைக்கு வரேன். என் கண் முன்னால நடங்க" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் பட்டினப்பாக்கத்துக்குப் போனேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினேன். ஐந்து நிமிடத்தில் எனக்கே கெண்டைக்கால் வலித்தது. இந்த மணலில் தொங்கும் பாதத்தோடு இவள் எப்படி நடந்திருப்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் வாரமே இங்கே வந்திருக்க வேண்டும்.

கஸ்தூரி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கணுக்காலில் கறுப்புக் கயிறு இல்லை. "அது வேல முடிஞ்சிட்ச்சு. கடல்ல வுட்டுட்டேன்" என்றாள்.

"மேட்டுல கிடக்கிற அந்தப் பழைய படகு வரைக்கும் மெதுவா போய்ட்டு வாங்க" என்றேன்.

போனாள். நான் குனிந்து அவள் காலடித் தடங்களைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். குதிகால் முதலில் பதிந்திருந்தது, பிறகு விரல்கள். கட்டைவிரல் இழுத்த கோடு இருக்கிறதா என்று ஒவ்வொரு தடமாகத் தேடினேன். இல்லை. இன்னும் குனிந்து பார்த்தேன். இல்லவே இல்லை. ஈரமணலுக்கும் காய்ந்த மணலுக்கும் நடுவில், சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, தொலைத்த தோட்டைத் தேடுகிறவள் மாதிரி நான் குனிந்து நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் யாரோ கத்தினார்கள். "படகு வர்து!"

கரை முழுக்கக் கூடைகள் எழுந்தன. நிமிர்ந்து பார்ப்பதற்குள் மேட்டிலிருந்து பத்துப் பதினைந்து பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், கூடையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னை நோக்கி ஒருத்தி ஓடி வந்தாள். கஸ்தூரிதான். மெதுவாகப் போய்விட்டு வரச் சொன்னேனே! "கஸ்தூரி, ஓடாதீங்க, இன்னும்..." என்று வாயைத் திறந்தேன்.

"நவுரு டாக்டரம்மா! வழியில நிக்காத!"

நான் நகர்ந்துகொண்டேன்.